இடது கை சலாம்

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கச் சற்று முன்னால், ஸ்டுடியோ கேட்டில் இருந்த கூர்க்கா செட்டுக்குள் ஓடிவந்தார். மீன் வெட்டுகிற அரிவாள்மனையோடு ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கிறாள், தன் தம்பியை அடித்தவனை வெளியே அனுப்பச் சொல்கிறாள் என்றார்.

"தம்பி யாராம்?" என்று கேட்டார் டைரக்டர்.

"ஏகாம்பரமாம் சாப்."

எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தில் பாதிக்குக் கரி பூசிக்கொண்டு, ஒரு மரப்படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தேன். தம்பி யார் என்பது தெரிந்துவிட்டது. அடித்தவன் யார் என்பதில்தான் குழப்பம். அதுவரை வந்த என் படங்களில் கதாநாயகன் என்னை அடித்திருந்தான், வில்லன் அடித்திருந்தான், கதாநாயகியின் தோழி துடைப்பத்தால் அடித்திருந்தாள். ஒரு படத்தில் குரங்கு அடித்திருந்தது.

நான் இறங்கி ஓடுவதற்குள் வாசலில் வேறொரு காரியம் நடந்துவிட்டது. அன்றைக்குச் சந்தைக் காட்சிக்காக மீன்காரி வேஷத்துக்கு நாலு பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி என்று நினைத்த உதவி டைரக்டர், வந்தவளை மேலும் கீழும் பார்த்தாராம்.

"கூடை சரி, அரிவாள்மனை சரி. ஆனா ஆளைப் பார்த்தா மீன்காரி மாதிரி இல்லையே" என்றாராம்.

கல்மண்டபத்தில் இருபது வருஷமாக மீன் விற்கிற என் அக்கா பச்சையம்மா, தலையிலிருந்த கூடையை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தாள்.

"இன்னா சொன்னே?" என்றாள்.

நல்லவேளை, அந்தச் சமயத்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

வேலை போனதும் வேலை வந்ததும்

போன வாரம் நாடகக் கம்பெனியில் நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டு, திருச்சி வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் விழுந்தீர்களே, ஒரு தடவையாவது நிஜமாக அடிபட்டதா என்று கேட்கிறார். பட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால், இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை.

யுத்த காலத்தில் நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் ஒருநாள் காலை ஈரம். தவிட்டு மூட்டையோடு வழுக்கினேன். நேராக விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பலகை மேல் ஒரு சுற்று, பக்கத்துக் கயிற்றில் ஒரு தொங்கல், பிறகு கீழே நின்ற படகில் மூட்டை முதலில், அதன்மேல் உட்கார்ந்த வாக்கில் நான். மூட்டை வெடித்துத் தவிட்டுக்குள்ளிருந்து என் தலை மட்டும் வெளியே வந்தது. கரையில் இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அத்தனை பேரின் வேலையையும் கெடுத்த குற்றத்துக்காக மேஸ்திரி என்னை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

வெளியே வந்தால், பெட்டி இறக்க வந்த ஒரு நாடகக் கம்பெனி மானேஜர் எனக்காகக் காத்திருக்கிறார்.

"அதை மறுபடியும் செய்ய முடியுமாப்பா?" என்றார்.

ஒரு தடவை விழுந்தவனுக்கு வேலை போயிற்று. தினம் ஒரு தடவை விழ ஒப்புக்கொண்டவனுக்கு வேலை கிடைத்தது. நான் செய்த ஏற்பாடு இல்லை, உலகம் அப்படி இருந்தது.

நாடகத்திலிருந்து சினிமா. 'பல்டி ஏகாம்பரம்' என்று பெயர் வைத்தார்கள். முதல் படத்திலேயே எனக்கு நாலு வரி வசனம் இருந்தது. மெட்ராஸ்காரன் பேச்சு. அதை எனக்குச் சொல்லிக்கொடுக்கக் கும்பகோணத்துக்காரர் ஒருவரை வைத்திருந்தார்கள். "உனக்கு மெட்ராஸ் பாஷை சரியா வரலையேப்பா" என்று அவர் மிகவும் வருத்தப்பட்டார். கடைசியில் வசனத்தை எடுத்துவிட்டு, விழுவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கொட்டகையில் எழுந்து நின்றவள்

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நைனா போன கட்டுமரம் திரும்பி வரவில்லை. ஆறு மாசத்தில் அம்மாவும் காலராவில் போய்விட்டாள். எனக்கு ஐந்து வயசு, அவளுக்குப் பதின்மூன்று. மறுநாள் காலையில் அவள் அம்மாவின் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுடைய பால்யம். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபம் வரும், ஏச்சு வரும், எப்போதாவது உதட்டோரம் ஒரு இழுப்பு வரும். சிரிப்பு வராது. மீன் விலை சொல்கிறவள் சிரித்தால் விலை இறங்கிவிடும் என்பாள்.

நான் சினிமாவில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன செய்கிறேன் என்று தெரியாது. அவள் அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. நானும் விளக்கிச் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் ஒரு டெண்டுக் கொட்டகையில் என் படம் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டு, முதல் ஆட்டத்துக்கு அக்காவையும் இழுத்துப் போனார்கள். நான் அந்த நேரம் கோடம்பாக்கத்தில் இருந்தேன். நடந்ததை எதிர்வீட்டு ராணி பிறகு சொல்லித்தான் கேட்டேன்.

மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, என் முகம் திரையில் வந்ததும் அக்கா பக்கத்திலிருந்தவளைத் தொட்டுக் காட்டினாளாம். சந்தோஷம் அந்த மட்டும்தான். அடுத்த நிமிஷம் பண்ணையார் வேஷத்தில் இருந்தவர் என்னை அறைந்தார். பிறகு உதைத்தார். பிறகு சாணித் தொட்டியில் தலைகீழாக முக்கினார். கொட்டகையே சிரித்தது. அக்கா சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். பிறகு எழுந்து நின்றுவிட்டாள். அவள் தலை நிழல் திரையில் பண்ணையாரின் மார்பில் விழுந்தது.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்று கேட்டாளாம். "ஒத்த ஆளைப் போட்டு அந்த அடி அடிச்சிகினு கீறான். இத்தினி பேர் கீறீங்களே, ஒர்த்தர் போய்த் தடுக்கக் கூடாதா?"

அதற்குக் கொட்டகை இன்னும் பலமாகச் சிரித்தது. படத்தோடு சேர்ந்த வேடிக்கை என்று சிலர் நினைத்துக் கைதட்டினார்கள். அக்கா அழுதுகொண்டே வெளியே போனாள்.

மறுநாள் விடியுமுன் நான் படப்பிடிப்புக்குக் கிளம்பிவிட்டேன். அவள் வழக்கம்போல் கல்மண்டபம் போய்ச் சரக்கை விற்று முடித்தாள். பிறகு காலிக் கூடையில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு, பீச் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, மின்சார ரயிலில் ஏறிக் கோடம்பாக்கம் வந்துவிட்டாள்.

வரதப்பன் வாங்கிய அறை

பண்ணையார் வேஷக்காரர் வரதப்பன், இந்தப் படத்திலும் எனக்கு எஜமானர். சேலத்துக்காரர், சுத்த சைவம். ஈ உட்கார்ந்தாலும் அடிக்காமல் ஊதி விரட்டுவார். திரையில் அவர் செய்யாத கொடுமை கிடையாது என்பதால், வெளியூர் ஓட்டல்களில் அவருக்குத் தண்ணீர் வைக்கமாட்டார்கள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே அக்காவிடம் வந்தார்.

"அம்மா, நான்தான் உங்க தம்பியை அடிச்சது. உட்காருங்க, சொல்றேன்."

"உக்கார வர்ல. ஏன் அட்ச்சே, அத்தச் சொல்லு."

"அது பொய்யடிம்மா."

"ரெண்டு கண்ணால பாத்தேன் நான். பளார்னு சத்தம் வந்துச்சு."

வரதப்பன் என்னைப் பக்கத்தில் நிறுத்திக் கையை ஓங்கி வீசினார். பளார் என்று சத்தம் வந்தது. நான் சுழன்று விழுந்தேன். அக்கா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கன்னம் சிவக்கவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். மூன்றாவது தடவை குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

"இவன் கீய கையத் தட்றான்" என்றாள்.

"ஆமாம்மா. சத்தம் அதுதான்."

"அப்ப உன் கை இவன் மேல படவே இல்ல."

"ஒருநாளும் பட்டதில்லை. வேணும்னா நீங்க ஒரு தடவை என்னை அடிச்சுப் பாருங்களேன்."

பெரிய மனுஷர், நல்ல எண்ணத்தில் சொன்னார். அக்காவுக்கு அடிப்பதில் ஒரு வகைதான் தெரியும். அந்த ஸ்டுடியோ கட்டிய நாளிலிருந்து அங்கே விழுந்த முதல் நிஜ அறை அதுவாகத்தான் இருக்கும். வரதப்பன் இரண்டடி பின்வாங்கிப் போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். விரல் பதிந்த இடத்தை மறைக்க மேக்கப்காரருக்கு அரைமணி நேரம் பிடித்தது.

"நீ ஏன்யா மூஞ்சியத் திருப்பல?" என்றாள் அக்கா. குரலில் நிஜமான கவலை.

"அடுத்த தடவை திருப்பிக்கிறேம்மா" என்றார் அவர்.

அரிவாள்மனை கூடைக்குள் போயிற்று. மனசு ஆறிவிட்டது, மீதி வேலையையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். காமிராவுக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

காளைகள் சாப்பிட்ட மத்தியானம்

எடுக்க வேண்டிய காட்சி சின்னதுதான். பண்ணையார் வீட்டு மாடிப்படியின் உச்சியில் நான் நிற்பேன். அவர் உதைப்பார். நான் கைப்பிடிக்கு மேலாகப் பல்டி அடித்து, கீழே நிற்கும் மாட்டுவண்டியில் வைக்கோலுக்குள் விழுவேன். எழுந்து வந்து, வலது கையால் ஒரு சலாம் போட்டு, "உத்தரவு எஜமான்" என்பேன்.

காலையில் ஒத்திகை பார்த்தபோது வண்டி நிறைய வைக்கோல் இருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வாடகைக்கு வந்த காளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காளைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

காற்றில் இருக்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். கீழே நிற்பவர்களுக்குத்தான் அது ஒரு நொடி. தலைகீழாகத் திரும்பும்போது பார்த்தேன். வைக்கோல் இருக்க வேண்டிய இடத்தில் வண்டிப் பலகை தெரிந்தது. இரண்டு காளைகளும் மென்றுகொண்டே என்னை அண்ணாந்து பார்த்தன.

வலது தோள் முதலில் பட்டது. காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. மூச்சு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் மேலே விளக்குகள் மட்டும் தெரிந்தன.

அப்போது செட்டில் சிரிப்பு எழுந்தது. அது வழக்கமானது. அதற்கு நடுவே புதிதாக ஒரு சிரிப்பு. கரகரவென்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் எழும்பி அடங்க மறுக்கிற சிரிப்பு. முதலில் யாருடையது என்று தெரியவில்லை. பிறகு புரிந்தது. அக்கா சிரிக்கிறாள்.

முந்தின நாள் பொய்யடிக்கு அழுதவள். எல்லாம் பொய் என்று நாங்கள் மூன்று தடவை செய்துகாட்டி நம்பவைத்திருந்தோம். நம்பிவிட்டாள். கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் சிரிப்பு நிற்கும். நின்றால் எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். பதினெட்டு இருபது வருஷம் கழித்து ஒரு தடவை சிரித்தவள், அதை ஆயுசுக்கும் சுமப்பாள். இவ்வளவும் அந்த வண்டிப் பலகையில் கிடந்து யோசித்தேனா என்று கேட்டால், எனக்கே சந்தேகம்தான். ஆனால் கத்தவில்லை. எழுந்துவிட்டேன்.

வண்டியிலிருந்து இறங்கி நின்றேன். சலாம் போட வேண்டும். வலது கை தொங்கியது, ஏறவில்லை. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. இடது கையைத் தூக்கினேன்.

"உத்தரவு எஜமான்."

குரல் கொசு பேசுவது போல வந்தது. எஜமானுக்கு இடது கையால் சலாம் போடுகிற வேலைக்காரனை அதுவரை யாரும் பார்த்ததில்லை. செட்டில் மறுபடியும் ஒரு அலை சிரிப்பு.

டைரக்டர் ஓகே சொல்லிவிட்டு ஓடிவந்தார். "இடது கை பிரமாதம்பா. எப்போ யோசிச்சே இதை?"

"விழும்போது சார்" என்றேன். அது பொய்யில்லை.

வரதப்பன் மட்டும் அருகில் வந்து முகத்தைப் பார்த்தார். "ஏகாம்பரம், என்னப்பா ஆச்சு? வெளுத்துப்போயிருக்கே."

"அக்கா ஊட்டுக்குப் போற வரைக்கும் ஒண்ணும் ஆவல சார்."

அவர் புரிந்துகொண்டார். தன் துண்டை எடுத்து, பொன்னாடை போர்த்துகிற மாதிரி என் தோளைச் சுற்றிக் கையோடு சேர்த்துப் போட்டுவிட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பீச் வரைக்கும்

திரும்பும் ரயிலில் அவள் என் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கம் ஜன்னல்.

"மாடு கூட அண்ணாந்து பாத்துச்சுடா" என்று சொல்லி, சிரிப்போடு சிரிப்பாக என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். நுங்கம்பாக்கத்தில் ஒரு தட்டு. சேத்துப்பட்டில் ஒன்று. எழும்பூரில், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு முழுக்கதையும் சொன்னதால் இரண்டு. நான் ஒவ்வொன்றுக்கும் சிரித்தேன். இத்தனை வருஷ சினிமாவில் எனக்கு நடிக்க வரும் என்று யாரும் சொன்னதில்லை. அந்த ரயிலில் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் கோயம்புத்தூரில் படப்பிடிப்பு, ஒரு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டு நான் போய்ச் சேர்ந்த ஊர், திருவொற்றியூரைத் தாண்டினால் வருகிற எர்ணாவூர். அங்கே உப்பளத்துப் பக்கம் எலும்பு கட்டுகிற ஒரு பெரியவர் இருந்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். கைராசிக்காரர். ஆனால் என் படங்களைப் பார்த்திருந்தார். நான் வலியில் முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"மன்னிச்சுக்க நைனா. உன் மூஞ்சியப் பாத்தாலே முடியல" என்று கட்டை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மூன்றாவது கட்டில் எலும்பு ஒட்டியது, கொஞ்சம் கோணலாக. வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "கோயம்புத்தூர்ல இன்னா கீது?"

"வெள்ளை வெள்ளையா மலைக்கா" என்றேன், உப்புக் குவியல்களை நினைத்துக்கொண்டு.

சலாத்தின் புகழ்

படம் வெளிவந்தது. கதாநாயகனை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. என் இடது கை சலாம் ஊரெங்கும் பரவியது. பட்டணத்துத் தெருக்களில் ஒருவருக்கொருவர் அப்படித்தான் சலாம் போட்டுக்கொண்டார்கள். துறைமுகத்தில் மேஸ்திரிக்கே போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை நிறுத்தியவர் அவர்தானா என்று விசாரித்தேன், அவர்தான். ஒரு மாதப் பத்திரிகையில், அந்தச் சலாத்தில் எஜமான வர்க்கத்தின் மேல் எனக்கிருந்த ஆழ்ந்த கோபம் தெரிகிறது என்று ஒரு அறிஞர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் இருந்தது காளைகள் மேல்தான்.

அதற்குப் பிறகு வந்த தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் இடது கை சலாம் கட்டாயம் வேண்டும் என்றார்கள். நான் பிகு பண்ணாமல் ஒப்புக்கொண்டேன். வேறு சலாம் என்னிடம் இல்லை.

தங்கசாலைப் பக்கம் ஒரு தியேட்டரில் அந்தப் படம் ஓடியபோது, அக்கா தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு மாட்டினி போனாள். என்னையும் இழுத்துப் போனாள். படம் முழுக்க, "இரு, இப்ப வரும் பாரு" என்று எல்லோரையும் தயார்ப்படுத்திக்கொண்டே இருந்தாள். நான் விழுந்தேன். தியேட்டர் அதிர்ந்தது. அவள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள்.

பிறகு சலாம். ஸ்டுடியோவில் அவள் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தது. வண்டிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு காமிரா அதைக் கிட்டத்தில் எடுத்திருந்தது. திரை முழுக்க என் முகம். வாய் சிரிக்கிறது. கண் சிரிக்கவில்லை. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, இருட்டில் என் தோளைப் பார்த்தாள். ஐந்து வயசிலிருந்து அந்த முகத்துக்குச் சோறு போட்டவள் அவள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"அன்னிக்கு நான் சிரிச்சது உன் காதுல வுயுந்துச்சா?"

"இல்லக்கா. அங்க ஒரே சத்தம். ஒண்ணும் கேக்கல" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து சட்டையை எடுக்கக் கையை நீட்டினேன். கொல்லையில் கொடிக்கயிறு ஒரு முழம் இறக்கிக் கட்டியிருந்தது. அக்கா என்னைவிட உயரம். அவளுடைய புடவை அதில் காய்ந்தால் தரையில் புரளும். அதை நாலாக மடித்துப் போட்டிருந்தாள்.